சத்தம் வரக்கூடாது

அலோ... அலோ... ஆரு?

ஏண்டா, பொண்டாட்டி போனுக்கு அடிச்சா அம்மா எடுக்கக் கூடாதா? ஆமா, உங்கம்மாதான். தீர்த்தம்மாதான். மெதுவா பேசு.

...

பூவிழி இல்ல. வெளிய போயிருக்கா... வெளியன்னா வெளிய. போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போனா.

நான் ஏன் குசுகுசுன்னு பேசுறேனா? தொண்ட கட்டிக்கிச்சு. ரெண்டு நாளா சளி.

...

எங்க இருக்கோமா? சித்தேரி மேல. ஆமா, சித்தேரிதான். உங்க பெரியம்மா வூட்டுக்கு வந்தோம். சாமை இந்த வருசம் நல்லா வெளஞ்சிருக்குதாம், ஒரு மூட்டை வாங்கிக்கலாம்னு... ஆமா ஆமா, ரெண்டு பேருந்தான். மலை பஸ்ஸுல வந்தோம். நாளைக்கு வந்துருவோம். வச்சிரட்டா?

...

என்னாது? காட்டுதா? என்னா காட்டுது?

...

மேப்புல புள்ளியா?

அட எடுபட்ட பயலே! பொண்டாட்டி போனு எங்கெங்க போவுதுன்னு ஒன் போனுல பாக்கற மாதிரி பண்ணி வச்சிருக்கியா? எத்தனை நாளா? மாட்டுக்கு மணி கட்டற மாதிரி கட்டி வுட்டிருக்க. தூ!

சரி. ஆமா. காரிமங்கலந்தான். என் தம்பி வூட்டுல, ஒன் மாமன் மாரப்பன் வூட்டுலதான் இருக்கோம். இப்ப என்னாங்கற?

...

வராத. சந்திரமோகா, சொல்றேன், வராத. ஒன் மாமன் வாசல்லயே உட்காந்திருக்கான். மம்முட்டிக் கட்டை கையிலயே இருக்குது. நீ படலைத் தொறந்தா மண்டையைப் பொளந்துருவான்.

...

மாமன எங்க பாத்த? சந்தையிலயா?

...

ஆடு வெல பேசிக்கிட்டு இருந்தானா. நல்லது. சந்தை வரைக்கும் வந்துட்டியா நீ? வண்டியில வந்துக்கிட்டேதான் பேசுறியா? அதான் காத்து இந்தப் போடு போடுது.

சரிடா. மாரப்பன் இல்ல. அவன் பொண்டாட்டியும் கூடப் போயிட்டா. நான் இருக்கேன். நான் போதும் ஒனக்கு.

...

என்னா பண்றாளா? பரிச்ச எழுதறா. அதே பரிச்சதான். அன்னைக்கு நீ கெடுத்தியே, அந்த நெட்வொர்க்கு பரிச்ச. உள்ரூம்ல கதவ சாத்திக்கிட்டு எழுதறா. நான் கதவுக்கு முன்னால உட்காந்திருக்கேன். போதுமா? எல்லாம் சொல்லிட்டேன். இப்ப வண்டிய திருப்பு.

...

நிறுத்துடா! எவன்கூடப் பேசுறா? எவன்கூடயும் பேசல! ஒன் வாயில புழு வெக்க. பரிச்ச ஹால்ல ஒரு சாரு குறுக்கயும் நெடுக்கயும் நடப்பாரில்ல, அந்த ஆளுடா அவன். நேருல வராம கேமராவுல பாக்கறான். அவன் எந்த ஊரோ எந்த நாடோ, அவளுக்கே தெரியாது. காப்பி அடிக்கறாளா, பக்கத்துல ஆரும் சொல்லித் தராங்களான்னு பாக்கறது அவன் வேல.

...

ஆமா, காதக் காட்டுன்னான். காட்டுனா. முடிய ஒதுக்கிக் காட்டுனா. காதுக்குள்ள மிசினு வச்சிக்கிட்டா எவனாவது விடை சொல்லுவான்னு அவனுக்கு சந்தேகம். கழுத்துல என்னா கயிறுன்னான். தாலிய வெளிய எடுத்துக் காட்டுனா. ஆம்பளைக்கும் அதே சோதனைதான், அரணாக்கயிறு வெளிய தெரிஞ்சா அதையும் காட்டச் சொல்லுவான். நீ அந்த நேரம் பாத்து வந்து நின்ன. எவனோ பேசுறான், இவ தாலிய எடுத்துக் காட்டறா. அவ்ளோதான் நீ பாத்தது. என்னான்னு ஒரு வார்த்த கேட்டியாடா? ஒரே ஒரு வார்த்த?

...

கோவம். ஒனக்கு வந்தா அது கோவம். 

காதோட சேத்து அறைஞ்ச. ஜேசிபி ஓட்டற கை. அவ பரிச்ச எழுதிக்கிட்டிருந்த லேப்டாப்ப தூக்கிக்கிட்டு போயி தொவைக்கிற கல்லுல அடிச்ச. அது கடலைக்காய் மூட்டை மாதிரி சிதறிக் கெடந்துச்சு. அப்பால அவள உள்ள இழுத்துக்கிட்டுப் போயிக் கதவ சாத்துன. நான் காட்டுல களை வெட்டிக்கிட்டு இருந்தேன்டா, பாவி. நான் வர்றதுக்குள்ள நீ கைகால் கழுவிட்டு சோத்துக்கு உட்காந்துட்ட.

பக்கத்து வூட்டுக்கு சத்தம் கேக்கக் கூடாது, கத்துனா கொன்னுருவேன்னு சொன்னியாமே. அவ துண்ட வாயில வச்சிக் கடிச்சிக்கிட்டுக் கெடந்திருக்கா. நான் போயி அந்தத் துண்ட உருவுனேன், வரல. பல்லு அதுல கட்டிக்கிச்சு. நான் வெரலு வுட்டுத் தொறந்தேன்டா அவ வாய.

...

பழசா? அது பழசாயிடுச்சா ஒனக்கு? அவ காதுல இன்னும் ஒழுவுது. ஜவ்வு கிழிஞ்சு போச்சு, அந்தக் காது இனிமே முன்ன மாதிரி கேக்காதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. கூப்புட்டா மறுகாதத் திருப்பறா. நீ பாத்ததில்ல. ஒனக்கு எங்க பாக்க நேரம்.

இன்னைக்கும் அந்தக் கேமராக்காரன் காதக் காட்டுன்னான். சன்னல் சந்துல நான் பாத்துக்கிட்டுதான் நின்னேன். பஞ்சு வச்சிருக்கா இல்ல, அது என்னான்னு கேட்டிருப்பான் போல. பஞ்ச எடுத்தா. சீழும் ரத்தமுமா ஒட்டிக்கிட்டு வந்துச்சு. அத கேமராவுக்கு முன்னால புடிச்சிக் காட்டறா. எதக் காட்டுனதுக்கு அடி வாங்குனாளோ அதயே திரும்பவும் காட்டறா. எனக்கு அப்பவே ஒன் கைய ஒடிக்கணும்னு இருந்துச்சு. பெத்தவ சொல்றேன், கேட்டுக்க.

...

என்னாடா சிரிக்கற? ஓசூர் வேலையா? ஆமா, சேந்தா ஓசூருக்குத்தான் போவா. சர்டிபிகேட் கையில இருந்தா வந்து சேந்துக்கன்னு சொல்லியிருக்காங்க. இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள காட்டணும். இல்லன்னா வேற ஆள எடுத்துக்குவாங்க. ஒருதரம் நீ கெடுத்ததுக்கு அவங்ககிட்ட கெஞ்சிக் கூத்தாடி நாள் வாங்கியிருக்கா. இதுவும் போச்சுன்னா அவளுக்கு வேற வழி இல்ல. ஒங்கிட்டத்தான் வந்து சாவணும்.

...

ஓடிப் போயிருவாளா? போவட்டும்.

...

போவட்டும்னேன். காதுல விழலயா? ஒனக்கு எந்தக் காது கிழிஞ்சிச்சு? நானும் போறேன் அவகூட. என் சீலை நாலையும் பையில போட்டுக் கொண்டாந்துட்டேன். நீ அந்த வூட்டுல ஒத்தயா உட்காந்து ஒன் வீரத்தப் பாத்துக்க.

...

ஒத்தப் புள்ளதான். இல்லங்கல. ஒன்னையப் பெத்துட்டு ஊரே பாக்க வாசல்ல சக்கரை குடுத்தேன். ஒங்கப்பன் என் முதுகுல ஊதாங்குழலக் காய வச்சி இழுத்தப்ப நீ என் மடியிலதான் கெடந்த. அழுவல. பாத்துக்கிட்டே இருந்த. இவன் வளந்து என்னைய காப்பாத்துவான்னு நெனச்சேன். நீ என்னாத்த பாத்து வச்சிருக்கன்னு இப்பத்தான் தெரியுது.

...

எங்க இருக்க இப்ப? சத்தம் நின்னு போச்சு. டீக்கடையா?

...

சாப்புட்டியா? ... இல்லயா? வெறும் வயித்துல வண்டி ஓட்டிக்கிட்டு வந்தியா. ஒரு பன்னு வாங்கித் தின்னு. டீ குடி. மெதுவா குடி. அங்கயே உட்காரு கண்ணு. முடிஞ்ச ஒடனே நானே ஒனக்கு அடிக்கிறேன். நீ வா, என்ன வேணுமோ பேசிக்கலாம். ஒன் பொண்டாட்டி எங்கயும் போவல. இன்னும் கொஞ்ச நேரந்தான். பாதிக்கு மேல எழுதியிருப்பா.

...

நீ வரவே கூடாதுன்னு இல்லடா. உள்ள இன்னொரு ஆளு குரலு கேட்டாலே அவன் பரிச்சய நிறுத்திடுவான். அதுக்குத்தான் விடியக் கருக்கல்ல இருந்து நான் படாதபாடு படறேன். சேவலக் கூடை போட்டுக் கவுத்து மேல கல்லு வச்சிருக்கேன். நாயக் கெணத்துமேட்டுல கொண்டுபோயிக் கட்டிட்டேன். மோட்டாரு போடல. பக்கத்து வூட்டு செல்லிகிட்ட, கிரைண்டரு போடாத தாயி, புள்ளைங்கள இந்தப் பக்கம் வுடாதன்னு சொல்லி வச்சிருக்கேன். அவ புள்ளைங்கள ஏரிக்கே ஓட்டிக்கிட்டுப் போயிட்டா, மவராசி. இருமல் வந்தாக்கூட நான் முந்தானைய வாயில அடச்சிக்கறேன். கரண்டு போயிடக்கூடாதேன்னு வேண்டாத சாமி இல்ல. அவ சிநேகிதி கோகிலவாணி குடுத்த பழைய லேப்டாப்பு, அதுல பேட்டரி நிக்காது. கரண்டு போனா நெட்டும் போயிடும், அதுவும் அணஞ்சிரும். அவ்ளோ பயந்துக்கிட்டு உட்காந்திருக்கேன்டா. நீ வந்து இங்க ஆடாத.

...

அலோ?

...

ஏன் பேச மாட்டேங்கற? அலோ... சந்திரமோகா? டீ குடிக்கறியா?

...

வண்டிய எதுக்கு எடுக்கற? டேய்... டேய், சொல்லிக்கிட்டே இருக்கேன்...

...

என்னா தெரியும் ஒனக்கு? சத்தம் போடாமலே முடிப்பியா? என்னா முடிப்ப?

...

வா. வாடா. வந்து பாரு. மாரப்பன் தென்னமட்டை வெட்டற கொடுவாள் என் மடியிலதான் இருக்குது. காலையிலயே தீட்டி வச்சிட்டேன். ஒன்னைய நெனச்சித்தான் தீட்டுனேன். என் வயித்துல பொறந்தவன்னு பாக்க மாட்டேன். வெட்டிப் போட்டுட்டுத்தான் ஒப்பாரி வெப்பேன். அதுவும் அவ எழுதி முடிச்சப்புறந்தான் வெப்பேன்.

...

வந்துட்டான். படலுக்கு அந்தாண்ட நிக்கறான்.

ஆரனு அடிக்காத! டேய், கையெடு ஆரன்லேர்ந்து. அங்கயே நில்லு. போனக் காதுல இருந்து எடுக்காத. போனுலயே பேசு. கத்துனன்னா... எதுவா இருந்தாலும் போனுலயே சொல்லு. பாரு, எதுருல நிக்கற, பெத்த தாயும் புள்ளையும் போனுல பேசிக்கறோம். எல்லாம் ஒன்னாலதான்.

...

தெரியுதா கையில என்னான்னு? நல்லாப் பாத்துக்க.

...

வெட்ட மாட்டேனா? எப்பிடித் தெரியும்?

...

படலத் தொறக்காத. சந்திரமோகா. ஒரு காலு உள்ள வந்துச்சு... சரி. ரெண்டாவது காலு வெக்காத. வெக்காதடா. என் சாமி, என் தங்கம், ஒன் கால்ல வுழுவறேன். ஆயிரம் தரம் அடிச்சிருக்க அவள, ஒரு நாளு வுடு. ஒரே ஒரு நாளு. அவ அந்த மாட்டுக் கொட்டாயில உட்காந்து, சாணி அள்ளற தரையில சாக்பீசால கட்டம் கட்டமா போட்டுப் படிச்சா. இது ரவுட்டரு, இது சுச்சுன்னு எனக்குக்கூடச் சொல்லுவா. எந்த மடையத் தொறந்தா எந்த வயலுக்குத் தண்ணி போவும், அதான் அத்தே இதுன்னா. சோறாக்கி, மாட்டுக்குத் தண்ணி காட்டி, ஒங்கிட்ட ஒதையும் வாங்கிக்கிட்டு படிச்சாடா. 

...

எங்கடா போற? இந்தாண்ட வராம அங்க எங்க போற?

...

சொவரோரம் என்னா இருக்குது ஒனக்கு?

ஐயோ.

அடப்பாவி. கரண்டு பொட்டியா? நான் சொன்னத வச்சிக்கிட்டா? நான் பயந்து சொன்னதப் புடிச்சிக்கிட்டா வந்த?

வேணாம். சந்திரமோகா, வேணாம். அந்தப் பொட்டியத் தொறக்காத. பீஸ் கட்டையில கைய வெக்காத. இரு, வர்றேன். நான் வர்றேன் அங்க. கைய எடு. எடுடா. நீ பீஸ எடுத்த, நான் கைய எடுத்துருவேன். நெசமா சொல்றேன். கேளு. ஒன்னைய பெத்த வயிறு பத்துது, கேளு. கைய... எடுக்க மாட்டியா? சிரிக்கறியா? எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே கட்டைய ஆட்டறியா? டேய்...

...

...

கத்தாத. கத்தாத கத்தாத கத்தாத. தா, இந்தத் துண்டு. கடி. வாயில வச்சிக் கடி. கடின்னா கடிடா! சத்தம் வரக் கூடாது. ஒரு முனகல் வந்தாலும் இதாலயே கழுத்துல போடுவேன். கடி. அவ கடிச்சாளே அப்பிடிக் கடி.

உட்காரு. சொவத்துல சாஞ்சிக்க. போனு கீழ விழுந்துருச்சா, கெடக்கட்டும். கையத் தூக்கிப் புடி. தா, என் முந்தானை. சுத்தறேன். எரியுதா? எரியட்டும். ஐயோ, எவ்ளோ ரத்தம்டா. ஒரு வெரலு... பாக்காத. நீ பாக்காத. அந்தாண்டத் திரும்பிக்க.

பீஸு அதுலயேதான் இருக்குது. பாரு. லைட்டு எரியுது.

கொடுவாளத் திருப்பிப் புடிச்சி மொண்ணப் பக்கமாத்தான் போடணும்னு நெனச்சேன். சாமி சத்தியமா அப்பிடித்தான் நெனச்சேன். திரும்பலடா. கையி திரும்பல. அவ காத நெனச்சிட்டேன்.

அழுவாத. மூச்ச மூக்குல வுடு. துண்ட வுட்டுறாத. தலைய என் தோளுல வச்சிக்க. இந்தக் கையத்தான்டா நான் வெரலு வெரலா சூப்ப வுட்டேன். இதே கை. வேப்பெண்ணை தடவியும் நீ சூப்பறத நிறுத்தல. வலிக்குதா? வலிக்கும். அவளுக்கும் வலிச்சிது. அவளும் இப்பிடித்தான் ஒன்னையப் பாத்துக்கிட்டே கெடந்திருப்பா.

கொஞ்சம் பொறு. கொஞ்ச நேரம். கட்டு நனையுது... இன்னொரு சுத்து சுத்தறேன். செத்துட மாட்ட. நான் வுட மாட்டேன். அவ முடிக்கட்டும். முடிச்சிட்டு வரட்டும். பொறு, சாமி. கண்ண மூடாத. என்னையப் பாரு. துண்ட நல்லாக் கடி.

...

ஷ்ஷ்.

நாதாங்கி சத்தம். தொறக்கறா. கதவத் தொறக்கறா.

பூவிழி... கண்ணு, அங்கயே நில்லு. இங்க வராத. எம் பொடவையப் பாக்காத, எனக்கு ஒண்ணும் இல்ல. மொதல்ல சொல்லு, முடிஞ்சிதா? அந்த ஆளு போயிட்டானா? கேமரா அணஞ்சிருச்சா?... நல்லாப் பாத்தியா?... மறுகாதத் திருப்பிக் கேளு தாயி, என்னா வந்துச்சு?

பாஸா?

பாஸாம்டா. கேட்டுதா? ஒன் பொண்டாட்டி பாஸ் பண்ணிட்டா.

துண்டத் துப்பு. துப்புடா. இப்ப கத்திக்க. எவ்ளோ வேணுமோ கத்து, ஊரே கேக்கட்டும். இந்த லைன வச்சிட்டு நான் நூத்தியெட்டுக்கு அடிக்கிறேன்.